ஆவிலாவின் மஞ்சள் உருண்டை

எண்பதுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கலிபோர்னியாவின் குபெர்டினோவில் என் சகலை வீட்டுச் சுவரில் ஸ்பெயினைப் பார்த்தேன். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, வெள்ளை பெட்ஷீட் ஒன்றை ஆணியடித்து மாட்டி, ஸ்லைடு ப்ரொஜெக்டரோடு உட்கார்ந்திருந்தார் மனிதர். அவரை எனக்கு ஆகவே ஆகாது. அன்றைக்குக் காரணமும் கூடுதலாகவே இருந்தது.

எங்கள் மாமியார் சென்னையிலிருந்து வந்ததே என் மனைவியின் பிரசவத்துக்காகத்தான். தலைப்பிரசவம். ஆனால் டிக்கெட் எடுத்து அனுப்பியவர் சகலை. அந்த உரிமையில் ஏர்போர்ட்டிலிருந்து நேரே தன் வீட்டுக்கு அழைத்துப்போய், தன் இரண்டு பிள்ளைகளையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு, பெண்டாட்டியோடு ஸ்பெயினுக்குப் பறந்துவிட்டார். திரும்பி வந்த பிறகும் அனுப்புவதாக இல்லை. போன் செய்தால், "டேகேர்ல இடம் கிடைக்கட்டும், அனுப்பிடறேன்" என்பார். சான் ஹோசேயில் என் மனைவி ஒன்பதாம் மாதத்து வீங்கிய கால்களோடு காத்திருந்தாள். வலி எடுக்கும்போது அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும், அவள் கேட்டது அது ஒன்றுதான்.

ஸ்லைடு பார்க்க அழைப்பு வந்ததும், ஸ்பெயினில் அவர்கள் போய்வந்த ஆவிலா என்ற ஊரைப் பற்றிய புத்தகம் ஒன்றை லைப்ரரியிலிருந்து எடுத்து வரச் சொன்னாள். அக்கா பார்த்த ஊரைத் தானும் பார்த்துவிட வேண்டும் என்ற வயிற்றெரிச்சல்தான். இருவரும் சேர்ந்து படித்தோம்.

பெட்ஷீட்டில் அதே ஊர் வந்தது: சுற்றி வளைத்த கருங்கல் மதில், ஒன்பது வாசல்கள், மதிலோடு ஒட்டிப் புடைத்து நிற்கும் கதீட்ரலின் பின்புறம். எல்லாவற்றையும் சகலை படம் எடுக்கவைத்திருந்தார், எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு அவரே நின்றிருந்தார்.

"இதெல்லாம் மூர்ஸ் கட்டினது" என்றார். அந்நாளில் ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்களான மூர்களைத் தடுக்கக் கிறிஸ்தவர்கள் கட்டியது அது. நான் விடுவேனா? திருத்தினேன். அதோடு நிற்காமல், ஆண்கள் ஊரில் இல்லாத நேரம் எதிரி வந்தபோது பெண்களே தொப்பியும் ஒட்டுத்தாடியுமாக மதில்மேல் நின்று விரட்டினார்கள் என்ற கதையையும் சொன்னேன்.

மாமியார் சிரித்துவிட்டார். "நானும் அப்படித்தான் இந்த வீட்டைக் காத்தேன். தாடி ஒண்ணுதான் பாக்கி."

சகலையின் முகம் சுருங்கியது. பேச்சை மாற்ற ஒரு டப்பாவைத் திறந்தார். காகிதக் கிண்ணங்களில் மஞ்சள் மஞ்சளாகச் சின்ன உருண்டைகள்.

"அந்த ஊர் ஸ்பெஷல், அத்தை. எடுத்துக்கோங்க."

"என்ன மாப்பிள்ளை போட்டிருக்காங்க?"

"ஸ்வீட்தான். நம்ம லட்டு மாதிரி."

மாமியார் சுத்த சைவம். முட்டை வைத்த பாத்திரத்தைக்கூடத் தொடமாட்டார். அந்த உருண்டை முட்டை மஞ்சள்கருவும் சர்க்கரையும் என்று எனக்குத் தெரியும், புத்தகத்தில் படமே இருந்தது. என்னோடு வந்திருந்த என் மனைவி, கால் வீக்கம் தாங்காமல் உள் அறையில் படுத்திருந்தாள். ஒரு வார்த்தை போதும், நான் சொல்லவில்லை. மாமியார் ஒன்றைச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். அதையும் விழுங்கி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"முழுக்க முட்டை மஞ்சக்கரு அத்தை, அது."

அவர் எழுந்து ஓடி வாய் கொப்பளித்தார். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. நான் போட்ட கணக்குப்படியே, மாமியார் நேரே போய்ப் பெட்டியை எடுத்து வந்து வாசலருகில் வைத்தார். "நான் சின்னவ வீட்டுக்குக் கிளம்பறேன்" என்றார்.

சத்தம் கேட்டு என் மனைவி சுவரைப் பிடித்தபடி வந்தாள். "ஐயோ, அதுவா? முட்டைன்னு புக்ல படிச்சோமேம்மா. இவர் சொல்லலையா?"

மாமியார் என்னைப் பார்த்தார். "நான் வாயில போடறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா, மாப்பிள்ளை?"

பொய் சொல்ல நேரமில்லை. "தெரியும், அத்தை."

"பெரியவரு தெரியாம குடுத்தாரு. நீங்க தெரிஞ்சே பாத்துட்டு இருந்தீங்க."

மகளின் தலையை ஒருமுறை தடவிக் கொடுத்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த வாரமே என் மகள் பிறந்தாள். பிரசவ அறையில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் நின்றேன். வலி வந்தபோதெல்லாம் "அம்மா" என்று அலறி, என் கையை உதறிவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.