கலக்காத தேத்தண்ணி

என் புருஷன் தேத்தண்ணியைக் கலக்க விடமாட்டார். கொதிக்கக் கொதிக்கக் கிளாசில் ஊற்றி, மேலே ஒரு கரண்டி சீனியைப் போட்டு அப்படியே கொடுக்க வேண்டும். சீனி கீழே இறங்கும். இரண்டு மூன்று குமிழ் எழும்பும். பிறகு மணிகள் மழுங்கிக் கரைந்து, அடியில் தேங்காய் எண்ணெய் போல நெளிந்துகொண்டு கிடக்கும். மேலே கசப்பு, அடியில் தித்திப்பு. கசப்பைத் தான் குடித்துவிட்டுக் கடைசி வாயை எனக்கு விடுவார். கூப்பனுக்கு அளந்து சீனி கிடைத்த எழுபதுகளில் அதைவிடப் பெரிய சீர் வேறென்ன? "கஞ்சன்" என்று கேலி செய்துகொண்டே குடிப்பேன். கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டில் தொடங்கிய பழக்கம் இது. வேறு ஒருவருக்கும் தெரியாது.

ஒரு மாரிமழைக் காலத்தில் வாவிக்கு வலை போடப் போனவர் வரவில்லை. தோணி மட்டும் கவிழ்ந்து கிடந்தது. கதிரவெளிப் பக்கம் அவரைப் போல ஒருவரைக் கண்டதாக யாரோ சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, தாலியைக் கழற்றமாட்டேன் என்று நின்றேன்.

முப்பத்தோராம் நாள் அவருடைய அக்கா, என் மச்சாள், படையல் வைக்க வந்தாள்.

"வந்து சாப்பிட்டுப் போகட்டும் புள்ள. அதுக்கு மறுகா நீ தாலியக் கழட்டத்தான் வேணும்" என்றாள்.

சோறும் கறியும் அவள் படைத்தாள். தேத்தண்ணியை நான் வைத்தேன், கலக்காமல். அவள் விளக்கேற்றிவிட்டுக் கடைசியாக வெளியே வந்து கதவைச் சாத்தினாள். செத்தவர் வந்து ருசி பார்க்கிற நேரம் அது; யாரும் உள்ளே போகக்கூடாது. எல்லோரும் முற்றத்தில் இருந்தோம். பட்டப்பகல். ஒரு காகம்கூடக் கத்தவில்லை. உள்ளே கிளாசைக் கீழே வைத்தது போல ஒரு சத்தம் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டது போல. மற்றவர்கள் அசையவில்லை.

கதவைத் திறந்து படையலைப் பங்கிட்டார்கள். தேத்தண்ணி எனக்கு வந்தது. முதல் வாயே இனித்தது. அடிவரை ஒரே இனிப்பு. யாரோ கலக்கியிருக்கிறார்கள். உள்ளே வந்தது எதுவாக இருந்தாலும் என் புருஷன் இல்லை. அப்படியென்றால் அவர் உயிரோடு இருக்கிறார்! பயத்தோடு சந்தோஷமும் வந்தது. தாலியைக் கழற்றவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்து வருஷம் போனது. மச்சாள் வருத்தம் வந்து எழும்ப முடியாமல் படுத்திருந்தாள். அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தேன். பார்த்துச் சிரித்தாள்.

"தம்பிட படையலுக்கு நீ சீனியப் போட்டுட்டுக் கலக்காம வெச்சிருந்தாய் கா. அழுத அழுகையில மறந்திட்டாய் எண்டு நான்தான் கலக்கிப்போட்டுக் கதவச் சாத்தினன்."

கரண்டியைக் கீழே வைத்தேன். கலக்கியது அவள். ஆனால் சத்தம் கேட்டது அவள் வெளியே வந்த பிறகல்லவா? அவர் வந்திருக்கிறார். ஒரு வாய் வைத்துப் பார்த்திருக்கிறார். முதல் வாயே இனித்ததும், இது என் வீடில்லை என்று கிளாசை வைத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். நான் முற்றத்தில்தான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றினேன். சீனியைப் போட்டு, கலக்காமல், அதே அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். வெயில் சாயும்வரை வெளியே இருந்துவிட்டுப் போய் எடுத்துக் குடித்தேன். கசந்தது. அவர் குடிக்கிற கசப்பையும் நானே குடித்தேன். கடைசி வாய் மட்டும் தித்தித்தது.

அன்றைக்குத்தான் தாலியைக் கழற்றினேன்.