பெண் பார்க்க வந்தவர்களுக்கு மெக்சிகன் சாண்ட்விச்

இன்று காலை கிச்சனில்...

"அம்மா, நான் பால், நெய் எதுவும் சேர்க்காம வீகன் மெக்சிகன் சாண்ட்விச் பண்ணப் போறேன். உனக்கு அதெல்லாம் தெரியாது" என்றாள் மகள்.

எனக்கா தெரியாது? (அதைச் செய்யப் போய் என் கல்யாணமே ஆட்டம் கண்டது தாயே!)

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அப்போது நாங்கள் சேலையூரில் இருந்தோம். என்னைப் பெண் பார்க்க ஓர் அமெரிக்க மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. அவருக்கு இரண்டு வாரம்தான் லீவு.

அதற்கு முன் வந்த மூன்று பேர் "சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள், போனவர்களேதான். இவரையாவது விடக் கூடாது என்று வீடே தவித்தது.

எனக்கும் போட்டோவைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. (யாரிடமும் சொல்லவில்லை. அப்போது அதெல்லாம் வாயைத் திறந்து சொல்லும் வழக்கமா?)

வியாழக்கிழமை தரகர் மாமா வந்து குண்டைத் தூக்கிப் போட்டார்.

"மாப்பிள்ளை பால், தயிர், நெய் எதையும் தொட மாட்டாராம். அது ஏதோ அமெரிக்காக் கொள்கையாம்!"

அம்மா ஆடிப்போய்விட்டாள். "நெய் இல்லாம சொஜ்ஜி எப்படிங்க கிண்டுறது? காபி குடுக்காம பொண்ணு காட்டுறதா? கேள்விப்பட்டதே இல்லையே!"

"மெக்சிகோ நாட்டுச் சாப்பாடுன்னா அவருக்கு உசுராம். பயறை மசிச்சு ரொட்டிக்குள்ள வச்சுச் சாப்பிடுவாராம்" என்றார் மாமா.

அப்படி ஒரு குறிப்பை நான் ஏதோ பத்திரிகையிலிருந்து கிழித்து வைத்திருந்தேன்! அதில் ராஜ்மா என்று போட்டிருந்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தேடினேன், கிடைக்கவில்லை. காராமணி வாங்கினேன். பட்டர் ஃப்ரூட்டுக்கு, அதாவது அவகாடோவுக்குப் பதில் மாங்காய். (மெக்சிகோக்காரர்கள் மன்னிக்க.)

ஞாயிறு காலை பிரெட் வாங்கப் போனேன்.

"இன்னாம்மா, மூணு பாக்கெட் வாங்கினு போறே? வூட்ல யாருக்கு ஜொரம்?" என்றார் பேக்கரிக்கார பாய்.

(எங்கள் பக்கம் அப்போது பிரெட் என்றாலே காய்ச்சல் சாப்பாடுதான். நல்ல உடம்போடு இருப்பவர் பிரெட் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை!)

'என்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்க' என்று சொல்ல வெட்கம். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

அதுதான் நான் செய்த தப்பு.

வேகவைத்த காராமணியைப் பூண்டு, சீரகம், மிளகாய்த் தூளோடு கடலை எண்ணெயில் வதக்கி மசித்தேன். தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லியைப் பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்தேன். எல்லாவற்றையும் மாங்காயோடு உள்ளே வைத்து, தோசைக்கல்லில் முறுகவிட்டேன்.

அம்மா நெய் டப்பாவும் ஸ்பூனுமாக வந்து நின்றாள்! "ஒரே ஒரு ஸ்பூன்டி, வாசனைக்கு. நெய் விடாம குடுத்தா நம்மளக் கஞ்சம்னு நினைப்பாங்க. கொள்கையாவது ஒண்ணாவது!"

நெய் டப்பாவைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

நாலு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது மாப்பிள்ளையும் அவர் அம்மாவும்.

அந்த அம்மா கையில் பூ இல்லை. ஒரு பாக்கெட் பிரெட்டும் நாலு சாத்துக்குடியும்!

"வழி கேட்டப்போ பேக்கரியில சொன்னாங்க. பொண்ணுக்கு என்ன ஜுரம்? மஞ்சள் காமாலையா? மறைக்காம சொல்லிடுங்க" என்றார், வாசலிலேயே நின்றபடி.

அம்மா என்னைத் தட்டோடு முன்னால் இழுத்து வந்தாள். "பாருங்க, குத்துக்கல்லாட்டம் இருக்கா!"

அந்த அம்மா என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். (பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, நெற்றியில் கை! நினைத்துப் பாருங்கள்.)

"சூடு இல்ல. அப்ப உள்ளுக்குள்ள வேற ஏதாவதா? மூணு பாக்கெட்டாமே!"

"ஐயோ, அது உங்க பையனுக்காகப் பண்ணினதுங்க!" என்றாள் அம்மா.

"பொண்ணு பார்க்க வந்தவங்களுக்கு எந்த ஊர்ல ரொட்டி குடுக்கறாங்க? வாடா போலாம். வியாதியை மறைக்கிற குடும்பம் நமக்கு வேணாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. போச்சு, நாலாவதும் போச்சு!

ஆனால் மாப்பிள்ளை போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு சாண்ட்விச்சை எடுத்தார். என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"இதுல நெய், வெண்ணெய் ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க."

"நிச்சயமா?"

"நெய் டப்பா பீரோவுல இருக்குங்க. சாவி என்கிட்ட."

சிரித்துவிட்டார். முழுசாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தன் அம்மா பக்கம் திரும்பினார்.

"வியாதியை மறைச்சது இவங்க இல்லம்மா. நாமதான்."

பிறகு எங்கள் அப்பாவிடம் சொன்னார்.

"கொள்கையெல்லாம் இல்லைங்க. பால், நெய் துளி உள்ள போனாலும் எனக்கு உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டும். ரெண்டு தடவ ஆஸ்பத்திரியில கிடந்திருக்கேன். வெளிய சொன்னா பொண்ணு கிடைக்காதுன்னு அம்மாதான் கொள்கைன்னு சொல்லச் சொன்னாங்க."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு ஸ்பூன் மட்டும் விழுந்திருந்தால்?

"இதைச் சொல்லாம பொண்ணு கேட்கறது தப்புங்க. இனிமே உங்க இஷ்டம்" என்றார் அப்பாவிடம்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "நாங்க யோசிச்சு... சொல்லி அனுப்புறோம்."

இப்படிச் சொன்னவர்கள் யாரும் சொல்லி அனுப்பியதில்லை என்பது எனக்குத் தெரியாதா? இவர் வேறு இன்னும் சில நாளில் பிளேன் ஏறிவிடுவார்!

"சொல்லி அனுப்பல்லாம் வேணாம்பா. இப்பவே சொல்லிடுங்க. எனக்குச் சம்மதம்."

சொன்னது நானேதான்! மாப்பிள்ளை வீட்டார் கேட்பதற்கு முன்பே! எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் செய்யாத காரியம். தரையில் இருந்த அம்மா எப்போது எழுந்து வந்தாள் என்றே தெரியவில்லை, இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள் பாருங்கள்! (அந்த மாப்பிள்ளைதான் இன்று கிச்சனில் நிற்பவளின் அப்பா.)

இப்படி முந்திக்கொண்டு சம்மதம் சொல்லிக் கிள்ளு வாங்கியவர்கள் வேறு யாராவது உண்டா? இருந்தால் கமெண்டில் வந்து கையைத் தூக்குங்கள். வெட்கப்பட்டால் வேலைக்கு ஆகாது!