ரீகாவில் பார்க்காத வீடு

எங்கும் போகவேண்டும் என்று கேட்காத என் கணவர், போன வருடம் ரீகா நகரத்துக்குப் போவோம் என்றார். உடனே நான் எந்த நாளில் எதைப் பார்ப்பது என்று ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டேன்.

செப்ரெம்பர் மாதம். பழைய நகரத்தின் கல் பதித்த தெருக்களில் மஞ்சள் இலைகள் விழத் தொடங்கியிருந்தன. கடைசி நாள் தேவாலயக் கோபுரத்தில் ஏற வரிசையில் நின்றோம்.

"ஆத்துக்கு அங்காலை ஒருக்கா போவமே?" என்றார்.

"அங்கை என்ன கிடக்கு?"

"சும்மா, ஒரு பழைய மரவீடு."

"மரவீடு பாக்கோணுமெண்டால் மோர்னிங்சைட்டிலை எங்கடை வீட்டு ஷெட்டைப் பாருங்கோ," என்றேன்.

அவரும் சிரித்தார். கோபுரத்தின் மேலே எல்லாரும் நகரத்தைப் படமெடுக்க, அவர் ஆற்றின் மறுகரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் விமானத்தில்தான் சொன்னார். முன்பு அகதியாகக் கனடாவுக்கு வரும் வழியில், கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் அவரை அந்த வீட்டில் விட்டுவிட்டுக் காணாமல் போனானாம். குளிர்காலம் முழுவதும் வீட்டுக்காரப் பெண்தான் தன் சூப்பில் பங்கு கொடுத்தாராம்.

"இப்ப இருக்கிறாவோ தெரியேல்லை. வாசல்லை நிண்டு பாத்திருந்தாலே காணும்."

"ஏனப்பா அப்பவே சொல்லேல்லை?"

"நீர் ஆசையாய்ப் பிளான் பண்ணினீர். குழப்பக் கூடாதெண்டு விட்டிட்டன்."

ஜன்னலுக்கு வெளியே மேகம் மட்டுமே இருந்தது. அந்தப் பயணத்தில் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்தவள் நான். இத்தனை ஊர்கள் இருக்க, ஏன் ரீகா என்று மட்டும் அவரிடம் கேட்கவில்லை.