ஒற்றையும் அடுக்கும்

வேங்கிக்கால் வீட்டு வாசலில் என் மனைவி வைத்த நந்தியாவட்டைக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை, சென்ற மாதம் அவள் காரியங்கள் முடிந்ததிலிருந்து என்னுடையது. அதிகக் கவனிப்பு வேண்டாத செடி. மழைக்காலத்தில் ஒரு குச்சியைச் சாய்த்து ஊன்றினால் வேர்விட்டுவிடும். விட்டுவைத்தால் ஆளுயரத்துக்குப் புதராகும். கிள்ளினால் பால் வடியும். இந்தச் செடியை நான் முதன்முதலில் ஆராய்ந்தது எட்டு வயதில், அப்பாவின் கண்களைக் கொண்டு.

அப்பா குருக்கள். கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு சிறிய சிவன் கோயிலில் பூஜை முறை அவருக்கும் பெரியப்பாவுக்கும் பொது. கார்த்திகை மாதம் அப்பாவுடையது. அந்த வருடம் மழை தொடங்கியபோது அவருடைய பார்வை மங்கிவிட்டது. எரியும் கற்பூரத்தட்டோடு கூட்டத்துக்குள் வருகிறவருக்குக் கண் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முறையைத் தாமே எடுத்துக்கொள்வதாகப் பெரியப்பா சொல்லியிருந்தார். அந்தக் கருவறையைத் தவிர அப்பாவுக்கு வேறு உலகம் கிடையாது.

அம்மா கைவைத்தியத்தில் இறங்கினாள். கொல்லையில் நந்தியாவட்டை இரண்டு வகை இருந்தது. காற்றாடிபோல் ஐந்து இதழ்கள் முறுக்கிய ஒற்றை. இதழ்மேல் இதழாக நெருங்கிய அடுக்கு. ஒற்றை காய்த்தது, அடுக்கு காய்க்கவில்லை. ஏன் என்று கேட்டு நான் வீட்டில் எல்லோரையும் படுத்தியிருந்தேன். சாமிக்குப் பறித்தது போக மீந்த பூக்களைக் குளிர்ந்த நீரில் நனைத்து, மத்தியானத்தில் அப்பாவின் மூடிய இமைகள்மேல் அம்மா வைப்பாள். எந்த வகை குணப்படுத்துகிறது என்று தெரிய வேண்டாமா? வலக்கண்ணுக்கு ஒற்றை, இடக்கண்ணுக்கு அடுக்கு என்று நான் பிடிவாதமாக ஏற்பாடு செய்தேன். அரைமணி கழித்துப் பரீட்சை. ஒரு கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொல்லி, கிணற்றருகே நின்றுகொண்டு ஒரு பூவை உயர்த்திப் பிடிப்பேன்.

“இது என்னப்பா?”

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் செம்பு கல்லில் டொக் டொக் என்று பட்டது.

“அடுக்கு.”

“இது?”

டொக்.

“ஒத்தைடா. போதும், உன் பரீட்சை ஜாஸ்தியாயிண்டே போறது.”

ஒருமுறைகூட அவர் தவறவில்லை. அம்மா குழாயடிக்குப் போயிருந்த ஒரு நாள் மட்டும், நல்ல உச்சிவெயிலில், “இன்னிக்கு வெளிச்சம் கம்மிடா” என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

கார்த்திகை பிறக்கும் முன் பெரியப்பா வந்தார்.

“என்ன டாக்டர்?” என்றார் என்னைப் பார்த்து. “ ஒங்க ஆஸ்பத்திரில நோயாளி எப்படி இருக்கார்?”

“குணமாயிடுத்து பெரியப்பா. எந்தப் பூவைக் காட்டினாலும் சொல்றார். அம்மாதான் பக்கத்துல செம்பைத் தட்டித் தட்டித் தொந்தரவு பண்றா.”

“எப்படித் தட்டுவா?”

“ஒரு தடவை. இல்லேன்னா ரெண்டு தடவை.”

பெரியப்பா சமையலறைப் பக்கம் பார்த்தார். அங்கே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. சுவரில் சாய்ந்திருந்த அப்பா எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. பெரியப்பா மேல்துண்டை உதறி, நிதானமாக மடித்து, தோளில் போட்டுக்கொண்டார்.

“டாக்டரே சொல்லியாச்சு, அப்புறம் என்ன? முறையை நீயே பண்ணுடா” என்றார் அப்பாவிடம். “நான் சும்மா கூட நிக்கறேன்.”

அந்தக் கார்த்திகை முழுவதும் நின்றார். அப்பா தட்டோடு வெளியே வரும்போதெல்லாம் அவருடைய முழங்கையைப் பிடித்தபடி, படி வரும் இடங்களில் மட்டும் மந்திரத்தை உரக்கச் சொன்னபடி, பெரியப்பாவும் வந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. குணமான கண்ணுக்கு எதற்குத் துணை? தீபம் பார்க்க வந்த ஜனங்களின் கண்ணில் தாமும் பட வேண்டும் என்று அவருக்கு ஆசை என்றே நினைத்துக்கொண்டேன்.