பாட்டு வாத்தியாரின் முழங்கால் ஜபம்

ஷிட்டாண்டி வாத்தியார் படுக்கப் போகுமுன் கட்டிலருகே முழங்காலிட்டால் எழுந்திருக்க அரைமணி நேரம் ஆகும் என்று காக்கமேகா வட்டாரத்துச் சபைகளில் பேச்சு. கதவிடுக்கில் பார்த்தவர்கள் அவர் தலை மெத்தையோடு ஒட்டிக் கிடந்ததாகச் சொன்னார்கள். "ஜப பாரமுள்ள மனுஷன்" என்று உருகினார்கள். பாரமாவது ஒன்றாவது! மெத்தைத் தையலுக்குள் டார்ச் அடித்து மூட்டைப்பூச்சி தேடிக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

ஊர் ஊராகப் போய்ச் சபைப் பாடகர் குழுக்களுக்குப் பாட்டு சொல்லிக் கொடுப்பது அவர் தொழில். போகிற இடத்தில் யாராவது ஒரு வீட்டில் தங்கவைப்பார்கள். ஒருமுறை புங்கோமாவிலிருந்து பெட்டியோடு மூட்டைப்பூச்சியையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்போது உயிரோடிருந்த அவர் மனைவி அவரையும் பெட்டியையும் மூன்று நாள் முற்றத்திலேயே நிறுத்திவிட்டாள். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

பையைக் கட்டிலிலோ தரையிலோ வைக்கமாட்டார், ஆணியில் மாட்டுவார். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுவார். பூச்சியைக் கொல்லும் பைரெத்ரம் பூவைக் காயவைத்துப் பொடித்துக் கட்டில் சந்துகளில் தூவுவார். வீடு திரும்பியதும் வாசலிலேயே துணி மாற்றி, கழற்றியதைக் கொதிநீரில் போடுவார். இது எல்லாவற்றுக்கும் மேல், பீன்ஸ் இலை. கட்டிலைச் சுற்றித் தரையில் பரப்பினால் இலையின் நுண்ணிய முட்களில் பூச்சியின் கால் மாட்டிக்கொள்ளும். காலையில் இலையோடு அள்ளி அடுப்பில் போட வேண்டியதுதான். அத்தனையும் திருட்டுத்தனமாகத்தான். உன் படுக்கையில் மூட்டை இருக்குமோ என்று விருந்து கொடுத்தவளைக் கேட்டால் அவள் முகத்தில் விழிக்க முடியுமா?

அதிலும் மலாவாவில் இமாலியின் முகத்தில் விழிக்காமல் அவரால் இருக்கவே முடியாது. கணவனை இழந்தவள், குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவள். வாத்தியார் தங்கும்போது நாத்தனார் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வாள். மூன்று வருஷமாக வந்து போகிறார். இந்த முறை அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் சனிக்கிழமை வந்து இறங்கினார்.

கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் இமாலி பையைத் திறந்து பீன்ஸ் இலையை வெளியே எடுத்துவிட்டிருந்தாள்.

"ஐயோ வாத்தியாரே! கீரையா கொண்டாந்தீங்க? எந்த ஆம்பளைக்கு இந்த யோசனை வரும்!"

"அது... தோட்டத்துல நெறைய கெடந்துச்சு..." என்றார் வாத்தியார், ஈனக்குரலில்.

பாலூற்றிச் சமைத்து, சோளக்களியோடு தட்டு நிறைய வைத்தாள். தன் காவல்காரர்களைத் தானே மென்று விழுங்கினார் வாத்தியார். நன்றாக வேறு இருந்து தொலைத்தது.

ஞாயிறு காலை கைகளில் பதினோரு தடிப்பு. சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு மூடிக்கொண்டார். டீ கொண்டுவந்த இமாலி போகாமல் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"வாத்தியாரே, நீங்க கட்டில்கிட்ட ஜபம் பண்ணா கேக்கப்படுமாம். என் வீட்டுல ஒரு கஷ்டம். வெளிய சொல்லக்கூடிய கஷ்டமில்ல. எனக்காகவும் ஒரு தடவ முழங்கால் போடுங்க."

பொய்யை எங்கே கொண்டு போய் ஒளிப்பது? வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. "இமாலி, நான் ஜபம் பண்ணதே இல்ல. மூட்டைப்பூச்சி தேடினேன்."

"என் கட்டில்லயா?"

"எல்லார் கட்டில்லயும்தான்."

"மூணு வருஷமாவா?"

"மூணு வருஷமா. அந்தக் கீரையும் கீரை இல்ல. தரையில போடக் கொண்டாந்தது."

இமாலி டீத் தம்ளரை ணங்கென்று வைத்தாள். காரியம் கெட்டது, அடுத்த வேனைப் பிடிக்கவேண்டியதுதான் என்று பையை ஆணியிலிருந்து எடுத்தார். அவள் வழியை மறித்துக்கொண்டு அவருடைய சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தாள்.

"இதான்யா என் கஷ்டம்!" என்றாள். "போன மாசம் ஹாஸ்டல்லேருந்து மகளோட டிரங்குப் பெட்டி வந்துச்சு. அதுல தொத்திக்கிட்டு வந்த சனியன். வாரம் பூரா கட்டில்ல கொதிதண்ணி ஊத்தினேன். போயிடுச்சுன்னு நெனச்சுத்தான் உங்களப் படுக்க வெச்சேன். மெத்தைய வெயில்ல போடணும். வீட்டு முத்தம் கோயில் ரோட்டுல இருக்கே, எப்படிப் போடுவேன்? ஊரே சிரிக்கும்."

"மெத்தைய அந்தப் பக்கம் பிடி" என்றார் வாத்தியார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை!"

"வெயிலுக்கு என்ன கிழமை? பிடிம்மா."

இருவரும் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டவும் கோயில் கூட்டம் வரவும் சரியாக இருந்தது. முன்னால் வந்த சபை மூப்பர் முலாமா தடியை ஊன்றி நின்றுவிட்டார். ஊரில் ஒரு சங்கதியையும் விடாத மனிதர்.

"என்ன இமாலி, மெத்தை வெளிய வருது? மூட்டையா?"

இமாலி தலை கவிழ்ந்தாள். அவள் பிடி நழுவப் பார்த்தது.

"மூட்டைதான் பெரியவரே" என்றார் வாத்தியார் சத்தமாக. "எங்க மெத்தைல மூட்டை."

"எங்கன்னா... யாரோடது?"

வாத்தியார் ஓரக்கண்ணால் இமாலியைப் பார்த்தார். அவளிடம் இன்னும் கேட்கவே இல்லையே. இமாலி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மெத்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"காது கேக்கலையா பெரியவரே? அதான் எங்க மெத்தைன்னு சொல்றாருல்ல? வழிய விடுங்க, கை வலிக்குது."