விடியுமுன் கேட்ட தண்ணீர்

கடலுக்குப் போகத் தடை. படகு இலங்கைத்துறையில் கிடந்தது. படகுக்காரர் இடம்பெயர்ந்து சாம்பல்தீவுப் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் கிடந்தார். உடம்புக்கு மட்டும் தடை தெரியவில்லை. வலை இழுக்கிற பழைய நேரத்துக்கே, இருட்டு கலையுமுன் விழித்துவிடும். விழித்தவர் வேறென்ன செய்வார்? முகாமுக்குத் தண்ணீர் கேட்டு எங்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவார்.

நாங்கள் என்றால், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் அறையில் இயங்கிய சின்ன நிவாரண அலுவலகம். போர்க்காலம். முகாம்களின் செய்திகள் இணையத்தில் எங்கோ இருந்த ஒரு சேவையில் போய்ச் சேரும். அதை மேகம் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். மழை பெய்யாத மேகம் என்று நான் பகிடி பண்ணுவேன். கிண்ணியாவிலிருந்து நாளும் வாவியைக் கடந்து வேலைக்கு வரும் என் தோழி, பைதன் என்ற கணினிமொழியில் சிறு நிரல் ஒன்று எழுதியிருந்தாள். அலுவலகம் திறந்ததும் அது மணிக்கொரு தடவை மேகத்தின் கதவைத் தட்டும். இரகசியச் சாவியைக் காட்டும். இன்றைய கோரிக்கைகளைத் தா என்று கேட்கும். கிடைத்ததைத் தண்ணீர் ஏற்றும் பவுசர் வண்டிச் சாரதிகளுக்குத் துண்டுகளாக அச்சடிக்கும்.

ஒருநாள் படகுக்காரரே சைக்கிளில் வந்துவிட்டார். சட்டை நனைந்திருந்தது.

"தம்பி, முந்தநாள் தொடக்கம் நான்தான் கேட்டு அனுப்புறன், ஒரு பவுசரும் வரேல்லை. என்ர மகள் பிள்ளை பெத்துக் கிடக்கிறாள். பச்சைப் பிள்ளைக்கு உப்புத்தண்ணியை வாக்கிறதோ?"

"நீங்கள் கேட்டு அனுப்பேல்லையே அண்ணை."

"கேக்கேல்லையோ?" கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "இந்தா பார். உங்கட மெசினுக்குக் கண் தெரியாதோ?"

தோழி கைபேசியை வாங்கிப் பார்த்தாள். பிறகு மேகத்தின் பக்கத்தைத் திறந்தாள். அந்த நாளைய இணைப்பில் பக்கம் வரி வரியாகத்தான் வரும். அன்று விடியுமுன் அவர் அனுப்பிய கோரிக்கை அங்கே இருந்தது. ஆனால் நேற்றைய திகதியில்.

"அல்லாஹ்!" என்று நெற்றியில் கை வைத்தாள். "இது நம்மட நேரம் இல்ல. லண்டன் பக்கத்து நேரம். நமக்கு விடியக்குள்ள அங்க நேற்று இன்னும் முடியல்ல."

மற்ற முகாம்கள் வெயில் ஏறி, தேநீர் குடித்த பிறகு கேட்டன. இவர் ஒருவர்தான் இருட்டில் கேட்டார். இருட்டில் கேட்டதெல்லாம் நேற்றுக்குள் விழுந்தது. நிரலோ இன்றை மட்டுமே கேட்டது. ஊரடங்குக்கு ஒரு நேரம், சோதனைச் சாவடிக்கு ஒரு நேரம், மின்சாரத்துக்கு ஒரு நேரம் என்று வாழ்ந்த எங்களுக்கு, மேகத்துக்கும் ஒரு நேரம் இருக்கும் என்று தோன்றவேயில்லை.

"அப்ப நான் வெயில் ஏறுமட்டும் படுத்துக் கிடக்க வேணுமோ பிள்ளை?"

"வேணாம் அண்ணன். நீங்க எழும்புற நேரத்துக்கே எழும்புங்க. மாற வேண்டியது இதுதான்" என்று கணினியைக் காட்டினாள்.

கையால் எழுதிக் கொடுத்தால் சாவடியில் விடமாட்டார்கள். இலக்கத்தோடு அச்சடித்த துண்டு வேண்டும். இலக்கம் மேகத்திலிருந்து வரவேண்டும். பின்னேரம் பாதையை மூடிவிடுவார்கள். எங்கள் நள்ளிரவிலிருந்தே நாள் தொடங்கும்படி அவள் நிரலை மாற்றி எழுதி, ஓடவிட்டாள். இணைப்பு அறுந்தது. மறுபடி. அறுந்தது. படகுக்காரர் கதிரையில் உட்காரவில்லை. முற்றத்தில் பவுசர் நிற்பதையே யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அச்சுப்பொறி இருமியது. சாம்பல்தீவு என்று துண்டு வந்தது. அவர் அதைத் தொடவில்லை. மை காயட்டும் என்பதுபோல் ஊதினார். சைக்கிளைப் பவுசரில் கட்டிக்கொண்டு சாரதியோடு ஏறிப் போனார்.

அடுத்த காலை வந்த முதல் துண்டு அவருடையது. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழை, குறிப்புப் பகுதியிலிருந்து சாரதி எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தார்:

"தண்ணி வந்தது. பிள்ளை குளிச்சிட்டு நித்திரை. இண்டைக்கும் அனுப்புங்கோ."

"தண்ணி கேக்கச் சொன்னா ஊர்க்கதையெல்லோ எழுதுறார்" என்று சாரதி சிரித்தார். மற்றத் துண்டுகளோடு அதைச் செருகவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முதலாவதாகச் சாம்பல்தீவுக்கே வண்டியை எடுத்தார்.