காலியாகப் போன கப்பல்

போன ஞாயிற்றுக்கிழமை அந்தமானின் மாயாபந்தர் ஜெட்டியிலிருந்து ஒரு கப்பலைக் காலியாக அனுப்பிவைத்தோம். பயப்படாதீர்கள்... நாடகக் கப்பல்தான்!

கதை இதுதான். எதிர்காலத்தில் ஒரு தீவு. கடல் ஏறிக்கொண்டே வருகிறது. மெயின்லேண்டுக்குக் கடைசிக் கப்பல். அதிகாரி ஒப்புக்கொள்ளும் கார்டு இருந்தால் ஏறலாம். இல்லையென்றால் மூழ்க வேண்டியதுதான். பார்வையாளர்களே பயணிகள். அவர்களில் ஒருவராவது எதிர்த்துக் கேட்டால் அதிகாரி தோற்பார். யாரும் கேட்காவிட்டால் கேட் மூடும், விளக்கு அணையும், வீட்டுக்குப் போகலாம் – வெட்கத்தோடு.

போர்ட் பிளேரில் ஓர் ஆடிட்டோரியம் மேனேஜர் பத்துப் பக்கம் படித்துவிட்டு எங்கள் நாடகக் குழுவின் ஸ்கிரிப்டைத் திருப்பித் தந்தார். "ஃபேமிலியா வந்து பாக்குற மாதிரி ஏதாச்சும் போடுங்க மேடம்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாயாபந்தர் ஜெட்டியில் சாமான் போட்டுவைக்கும் பழைய ஷெட்டுக்கு அனுமதி வாங்கினேன். நாற்காலி கிடையாது, ஃபேன் கிடையாது.

ரிகர்சல், போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் என் வீட்டு மொட்டை மாடியில். அதிகாரி வேஷம் முருகேசன் அண்ணனுக்கு. ராமநாதபுரத்துக்காரர், சின்ன காண்ட்ராக்டர். அவருக்கு நம்பிக்கையே இல்லை.

"தீவுக்காரன லைன்ல நில்லுன்னா நிப்பான்மா. வாயத் தொறக்க மாட்டான். நாடகம் ஊத்திக்கும், பாரு."

"ஊத்திக்கிட்டா குழுவையே கலைச்சிடுவோம்ணே" என்றேன். வாய் சும்மா இருக்குமா?

அந்த நாளும் வந்தது. கார்டைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஸ்பீக்கரில் இந்தி அறிவிப்பு: "கார்ட் ஹாத் மே ரக்கியே!"

அடுத்து நடந்தது ஸ்கிரிப்டில் இல்லை. யாரும் சொல்லாமலே கூட்டம் லைன் கட்டியது. பர்ஸிலிருந்து, தீவுவாசிகளுக்கு அரசு தரும் நிஜமான ஐலேண்டர் கார்டுகள் வெளியே வந்தன! கப்பல் டிக்கெட்டுக்கு நின்று நின்று பழகியவர்கள் அல்லவா? கால் வலித்தவர்கள், வழக்கம்போல், செருப்பைக் கழற்றி லைனில் இடம் போட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது... இப்படி நிற்பவர்கள் எங்கே எதிர்த்துக் கேட்கப்போகிறார்கள் என்றும் தோன்றியது.

நிறைமாதக் கர்ப்பிணியாக நடித்த தேவியின் கார்டை முருகேசன் அண்ணன் கிழித்துப் போட்டார். "நெக்ஸ்ட்!"

தேவி அழுதாள். லைன் ஓர் அடி முன்னால் நகர்ந்தது. அடுத்தவர் தன் கார்டை நீட்டினார். போச்சு, குழு கலைந்தது என்றே நினைத்தேன்.

"அரே, ருக்கோ! நிறுத்துய்யா!"

மீன் விற்கும் ஸ்டெல்லா அக்கா! தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். லைனை விட்டு வெளியே வந்து தேவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ளத்தாச்சிய தண்ணில தள்ளிட்டு எங்களுக்கு எதுக்குய்யா கப்பலு? இவ ஏறலன்னா ஒருத்தரும் ஏற மாட்டோம். லே ஜாவ், காலியா கொண்டு போ!"

பின்னாலிருந்து ஒரு பெங்காலிக்காரர், போக மாட்டோம் என்று, "நஹி ஜாயேகா!" என்றார். பிறகு ஒரு தெலுங்குக் குரல். பிறகு யார் என்ன பாஷையில் கத்தினார்கள் என்றே தெரியவில்லை. ஷெட் முழுவதும் தேவியைச் சுற்றி நின்றது. முருகேசன் அண்ணனுக்கு வசனம் மறந்துவிட்டது. தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதார். நானும்தான்.

லைனில் செருப்புகள் மட்டும் நின்றன.

மனிதர்கள் வரிசையில் நிற்பது பழக்கத்தால். அதைச் சம்மதம் என்று அதிகாரிகளும் நினைக்கிறார்கள், நாங்களும் நினைத்துவிட்டோம்.

யாரோ எடுத்த வீடியோ போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்திருக்கிறது. நேற்று அதே மேனேஜர் போன் செய்தார். "ஹால் தர்றேன் மேடம். ஏசி போட்டே தர்றேன்."

"வேண்டாம் சார்" என்றேன். "அங்க எல்லாரும் உக்காந்துடுவாங்க!"